களைக்கு மேல் ஒரு விரிப்பு



ஐப்பசியில் இரண்டு மழை நன்றாகப் பெய்துவிட்டால் போதும், மதுரை அவனியாபுரத்தில் வீட்டை ஒட்டி நாலு செண்டு இடம் வைத்திருப்பவர்களுக்குக் கவலை பிறந்துவிடும். ஒரு பக்கம் கோரை, ஒரு பக்கம் அருகு, மிச்ச இடமெல்லாம் சாரணையும் பார்த்தீனியமும். களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. இந்த நேரத்தில் நர்சரிக்காரர் ஒரு கறுப்புச் சுருளைக் காட்டி, "இதை விரிச்சு விட்டுருங்கண்ணே, களையே வராது" என்று சொன்னால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். கடையில் மல்ச்சிங் ஷீட் என்றும் வீட் மேட் என்றும் விற்கிற அந்த விரிப்பைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடைபாதைக்கும், மூன்று நான்கு மாதத்தில் முடிந்துபோகிற காய்கறிப் பாத்திக்கும் இந்த விரிப்பு மிக நல்லது. வருஷக்கணக்கில் நிற்கிற மல்லிகைக்கும் முருங்கைக்கும் தென்னைக்கும் தூரைச் சுற்றி வைக்கோலும் சருகும் மட்டையும்தான் நல்லது. எதை விரிப்பதானாலும் கோரையைக் கிளறி எடுக்காமல் விரிக்கக் கூடாது.

களையைத் தடுக்க விரிப்பு செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். வெளிச்சத்தை மறைக்கிறது. முளைத்து வந்த களை வெயிலைக் காணாமல் வெளிறிச் சாகிறது. விதையிலிருந்து வருகிற சாரணைக்கும் பார்த்தீனியத்துக்கும் இது போதும். கோரைக்குப் போதாது. அது மண்ணுக்குள் கிழங்கோடு கிழங்காகத் தொடர்ந்து கிடப்பது. அந்தக் கிழங்கில் சேர்ந்திருக்கிற சத்தைக் கொண்டு அனுப்புகிற குருத்து ஊசிபோலக் கூர்மையானது. மெல்லிய பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். அருகு குத்துவதில்லை. விரிப்புக்கு அடியிலேயே ஓடி, செடிக்காகப் போட்ட ஓட்டையிலும் ஓரத்திலும் தலைநீட்டும். ஆகவே மண் ஈரமாக இருக்கும்போதே கொத்திக் கிளறி, கோரைக் கிழங்கையும் அருகம்வேரையும் பொறுக்கி எடுத்து வெளியே போடுவதுதான் முதல் வேலை. அந்த உழைப்புக்கு மாற்றாக எந்தச் சுருளும் இன்னும் கடைக்கு வரவில்லை.

இனி, எதை வாங்குவது? இரண்டு வகை உண்டு. ஒன்று, பாலிதீன் படலம். மேலே வெள்ளி நிறம், கீழே கறுப்பு. கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும். வெள்ளிப் பக்கம் வெயிலைத் திருப்பியடிப்பதால் அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் போன்ற பூச்சிகளின் வரவு குறையும். இதன் கனத்தை மைக்ரானில் சொல்வார்கள். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கத்தரி, மிளகாய், தக்காளி போன்ற குறுகிய காலப் பயிருக்கு 25 மைக்ரான், ஒரு வருஷப் பயிருக்கு 50, பல்லாண்டுப் பயிருக்கு 100 என்பது பொதுவான கணக்கு. இது தண்ணீரைக் கீழே விடாது. அதனால் சொட்டு நீர்க் குழாயை முதலில் போட்டுவிட்டு, அதன் மேல்தான் படலத்தை விரிக்க வேண்டும். சொட்டு நீர் இல்லாத தோட்டத்துக்கு இது பொருந்தாது.

இரண்டாவது, பாலிபுரொப்பிலீன் நாடாவால் பாய்போல நெய்தது. மழைத் தண்ணீர் இழை வழியே உள்ளே இறங்கும். படலத்தைவிடக் கோரைக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். இதை எடையைக் கேட்டு வாங்க வேண்டும். சதுர மீட்டருக்கு 90 முதல் 100 கிராம் இருந்தால் காலடி பட்டாலும் தாங்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்ததா என்பதையும் கேளுங்கள். அந்தப் பக்குவம் இல்லாத மலிவுச் சரக்கு நம் சித்திரை, வைகாசி வெயிலில் மொறுமொறுத்துத் தூளாகிவிடும்.

மதுரையில் ஒரு பழக்கம் உண்டு. விழா முடிந்ததும் கழற்றிய பிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து தோட்டத்தில் விரித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிளெக்ஸ் என்பது பி.வி.சி. பூசியது. வெயிலில் செதில் செதிலாக உதிர்ந்து மண்ணோடு கலந்துவிட்டால் அதைப் பொறுக்கி எடுக்க யாராலும் ஆகாது.

விரிக்கிற முறைக்கு வருகிறேன். பல பேருக்கு இது பிடிக்காமல் போவதற்குக் காரணம் விரிப்பு அல்ல, விரித்த விதம். மண்ணைக் கிளறிய பிறகு கல், குச்சி இல்லாமல் மட்டம் செய்யுங்கள். தொழு உரம் இடுவதாக இருந்தால் அப்போதே இட்டுவிடுங்கள். பிறகு வழி இல்லை. நன்றாகத் தண்ணீர் விட்டு மண்ணை நனையுங்கள். உச்சி வெயிலில் விரிக்கக் கூடாது. அந்த நேரத்தில் படலம் சூட்டில் நீண்டிருக்கும். ராத்திரி குளிரில் சுருங்கி ஓரத்தைப் பிடுங்கும். காற்றில்லாத காலையில் விரியுங்கள். விறைப்பாக இழுக்காமல், சுருக்கமும் விழாமல், சற்றே தளர்வாக இருக்கட்டும். இரு ஓரத்திலும் நாலு அங்குல ஆழத்துக்குக் கால்வாய் பறித்து, ஓரத்தை உள்ளே மடித்து மண் தள்ளி மிதித்துவிடுங்கள்.

நெய்த பாயாக இருந்தால் கம்பியை வளைத்துச் செய்த கொக்கியை ஓரம் முழுக்க அடிக்க வேண்டும். இரண்டு பாய் சேருகிற இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று அரை அடி ஏறியிருக்கட்டும். வெட்டிய ஓரத்தில் இழை பிரியும். மெழுகுவத்தித் தீயை லேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். செடிக்கு ஓட்டை போடும்போது பெருக்கல் குறிபோலக் கீறி, நாலு மடலையும் உள்பக்கம் மடித்துவிடுங்கள். சூடேறிய கறுப்புப் பிளாஸ்டிக் இளந்தண்டில் பட்டால் பட்ட இடம் வெந்துபோகும்.

விரித்த பிறகு மேலே மண் சேர விடாதீர்கள். காற்று கொண்டுவருகிற தூசியும் உதிர்ந்த இலையும் மட்கி, அதிலேயே விதை விழுந்து முளைத்து, வேர் பாய் இழைக்குள் புகுந்துவிட்டால், களையைப் பிடுங்கும்போது பாயும் சேர்ந்து வரும். வாரத்துக்கு ஒரு தடவை பெருக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நம் ஊர் வெயிலையே களைக்கு எதிராகத் திருப்புகிற வழி ஒன்றும் இருக்கிறது. இஸ்ரேலின் யாக்கோவ் கட்டான் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு அது. கோடையில் நிலத்தைத் தண்ணீரால் நன்றாக நனைத்து, கறுப்பு அல்ல, கண்ணாடிபோலத் தெளிந்த பாலிதீன் தாளை விரித்து ஓரத்தை மண்ணால் மூடிவிட வேண்டும். நாற்பது நாள் அப்படியே கிடந்தால், வெயில் உள்ளே புகுந்து வெளியேற முடியாமல் மண் கொதிக்கும். மண்ணில் உள்ள நோய்க் கிருமியும் பெரும்பாலான களை விதையும் செத்துப்போகும். கோரைக் கிழங்கு மட்டும் இதற்கும் எளிதில் மசியாது. சும்மா கிடக்கிற கோடையில் தாளை விரித்து எடுத்துவிட்டு ஆடியில் விதைக்கலாம்.

மல்லிகைக்கு வருவோம். அவனியாபுரத்தைச் சுற்றியுள்ள செம்மண் பூமியும் அந்தப் பூவைத் தந்த மண்தான். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தச் செடியைக் கார்த்திகை வாக்கில் கவாத்து செய்து, தூரைக் கொத்தி, எரு வைக்க வேண்டும். ஆடி மாத வாக்கில் மறுபடி உரம் வைக்க வேண்டும். தூரில் பிளாஸ்டிக்கை மூடிவிட்டால் ஒவ்வொரு தடவையும் அதைப் பெயர்த்தாக வேண்டும். எனவே வரிசைக்கு நடுவில் நடக்கிற இடத்தில் நெய்த பாயும், தூரில் நாலு அங்குலத்துக்கு வைக்கோலும் போடுவது பொருத்தம். வைக்கோலுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியை, ஒட்டியிருக்கும் டேப்பை உரித்துவிட்டு, நனைத்துப் பரப்பினால் களை இன்னும் நன்றாக அடங்கும். கரையான் ஏறாமலிருக்கத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிற ஊரில் வைக்கோலை மண்ணில் போடச் சொல்வதா என்று கேட்பீர்கள். நல்ல வைக்கோல் மாட்டுக்குத்தான். மழையில் நனைந்து கறுத்ததும், மாடு தின்று கழித்த கூளமும் தோட்டத்துக்குப் போதும். தென்னை இருந்தால் உரிமட்டையின் புடைத்த பக்கம் மேலே இருக்கும்படி, மரத்தைச் சுற்றி ஆறடி தூரத்துக்குப் பாத்தியில் அடுக்கலாம். ஒரு மரத்துக்கு நூறு மட்டை என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கரூர் பக்கம் வானகம் என்ற பண்ணையை உருவாக்கிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013-இல் மறையும் வரை ஊர் ஊராகப் போய் இப்படிச் சருகும் மட்டையும் கொண்டு மண்ணை மூடுகிற மூடாக்கின் அருமையைப் பேசினார். மண்ணை மூடுவதோடு நில்லாமல் மண்ணாகவே ஆகிவிடுவது மூடாக்கின் சிறப்பு. மண்புழு ஏறி வந்து அதைத் தின்று மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் ஈரத்தைக் காக்கும், மண்ணுக்கு உணவாகாது.

கடைசியாக, கிழிந்த விரிப்பு எங்கே போகும் என்பதையும் வாங்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும். மதுரை மாநகரின் குப்பை வந்து குவிகிற வெள்ளக்கல் அவனியாபுரத்தில்தான் இருக்கிறது. அந்தக் குப்பை மலை எப்படி வளர்கிறது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் திருப்பரங்குன்றத்துத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் உருக்கிப் பூசிச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து, 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். பாலிதீனும் பாலிபுரொப்பிலீனும் அதற்கு உதவும், பி.வி.சி. உதவாது. ஆனால் மண் அப்பிய, துண்டு துண்டான தாளை யாரும் வாங்க மாட்டார்கள். முழுசாக இருக்கும்போதே சுருட்டி எடுத்து, கழுவிக் காயவைத்துத் தந்தால்தான் அதற்கு மறுபிறவி உண்டு. இந்தக் காரணத்துக்காகவும் 25 மைக்ரான் தாளை இரண்டாம் பயிர் வரை இழுத்தடிக்காதீர்கள். சற்றுக் கூடுதல் விலை கொடுத்துக் கனமான பாயை வாங்கினால் பல வருஷம் உழைக்கும், முழுசாகவும் திரும்பி வரும்.

நேயர்களே, அடுத்த தடவை கடைக்குப் போகும்போது இடத்தை அளந்துகொண்டு போங்கள். நடக்கிற இடம் எவ்வளவு, பாத்தி எவ்வளவு, தூர் எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்குப் பாருங்கள். பாதிக்குமேல் இடத்துக்குப் பிளாஸ்டிக்கே தேவைப்படாது என்பது அப்போது உங்களுக்கே தெரியவரும்.