ஐந்து கட்டைச் சுருதியில் தமிழ்ச் சொல்: எஸ். ஜி. கிட்டப்பாவின் நாடக வாழ்க்கை



நான் சிறுவனாக இருந்தபோது, ஜெராம் வட்டாரத் தோட்டத்து லயங்களில் யாராவது குரலை உயர்த்திப் பாடினால், "இவர் பெரிய கிட்டப்பா!" என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். கிட்டப்பா என்பது உரத்துப் பாடுபவனைக் குறிக்கும் பொதுப்பெயர் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர் என்றும், அவர் 27 வயதில் மறைந்தவர் என்றும் பின்னர்தான் அறிந்தேன். இயற்பெயர் பொதுப்பெயராவது எளிதில் நடப்பதன்று. கடல் கடந்த ஒரு தோட்டத்தில், அவரை நேரில் பார்த்திராதவர்களின் வாயில் அது நிகழ்ந்திருக்கிறது.

செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் கங்காதர ஐயரின் மகனாகப் பிறந்தவர் கிட்டப்பா. இட்ட பெயர் இராமகிருஷ்ணன். கிருஷ்ணன் கிட்டணாகிக் கிட்டப்பாவானது தமிழ் வாயின் இயல்பு. செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; 1956இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. வீட்டில் வறுமை. அண்ணன்மார் நாடகத்துக்குப் போனார்கள்; தம்பியும் பின்னே போனார். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் மேடையேறினார். சுவாமிகளின் நாடகங்களில் உரையாடலைவிடப் பாட்டே மிகுதி. வெண்பாவும் விருத்தமும் கீர்த்தனையும் சிறுவர்களுக்கு வாய்மொழியாகவே ஏறின. எழுத்து பிறகு, ஓசை முன்பு என்னும் இந்தப் பாடமுறையை இன்றைய ஆசிரியர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

பின்னர்க் கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். யானையையும் குதிரையையும் மேடைக்கே கொண்டுவந்த கம்பெனி அது. அவர்களின் 'தசாவதாரம்' தமிழ்நாடு முழுதும் பேசப்பட்டது. கிட்டப்பா அங்கே 'அயன் ராஜபார்ட்' ஆனார். இந்தத் தொடரைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். 'அயன்' அரபு மூலத்தது. நிலவரிக் கணக்கில் வழங்கிய சொல், மேடையில் 'முதல்தரமான' என்னும் பொருள் பெற்றது. 'ராஜ' வடமொழி, 'பார்ட்' ஆங்கிலம். தமிழ் நாடகத்தின் தலைமை நடிகனைக் குறிக்கும் தொடரில் தமிழ்ச் சொல் ஒன்றுகூட இல்லை. தூய தமிழ் அன்பர்கள் வருந்த வேண்டாம். அவன் வாயிலிருந்து வந்தது தமிழ்தான்.

அந்தத் தமிழ் எப்படி வந்தது என்பதே என் துறைக்குரிய கேள்வி. ஒலிபெருக்கி இல்லாத காலம். இரவு தொடங்கி விடியும்வரை நாடகம். தகரக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் கேட்க வேண்டும். கிட்டப்பா நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் பாடினார் என்பார்கள். கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணும் கணக்கு. இன்று ஆண் பாடகர் பலர் பாடுவது ஒன்று அல்லது இரண்டு கட்டையில். ஐந்து கட்டையில் நடு ஸ்தாயி ஷட்ஜம் விநாடிக்கு ஏறத்தாழ 196 அதிர்வு. மேல் ஷட்ஜம் 392. மேல் பஞ்சமம் 590ஐ நெருங்கும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. உயிரொலிகளை நாம் வேறுபடுத்தி அறிவது, வாய்க்குழி தன் வடிவத்துக்கேற்பச் சில அதிர்வுகளை எடுப்பாகக் காட்டுவதால். இகரத்துக்கு அவ்வாறு எடுப்பாகும் முதல் அதிர்வு சுமார் 300. பாடும் சுருதியே அதைத் தாண்டிவிட்டால் அந்த அடையாளம் மங்கும். இகரமும் எகரமும் ஒன்றுபோல் ஒலிக்கும். உகரமும் ஒகரமும் குழம்பும். ஆக, குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டு செல்லும் அதே உயரம் சொல்லை அழிக்கவும் வல்லது.

அவருடைய இசைத்தட்டுகளை இந்தக் கேள்வியோடு கேளுங்கள். விருத்தம் பாடும்போது சொற்களை நடு ஸ்தாயியில் வைத்துத் தெளிவாக முடித்துவிடுகிறார். மெய்யெழுத்துகளை, குறிப்பாக இரட்டித்து வரும் வல்லினத்தை, அழுத்தமாக உடைக்கிறார். மேலே ஏறும்போது பெரும்பாலும் ஆகாரம்தான். மின்னல் போன்ற அந்தப் பிருகாக்கள் வாய் முழுதாகத் திறக்கும் உயிரொலியில் அமைகின்றன. சொல் முதலில் போய்ச் சேர்கிறது, வியப்பு பின்னால் வருகிறது. இதை அவருக்கு எந்த மொழியியலாரும் கற்பிக்கவில்லை. ஆர்மோனியத்தில் அமர்ந்திருந்த அண்ணன் காசி ஐயரும், எதிரே அமர்ந்திருந்த மக்களுமே கற்பித்திருக்க வேண்டும்.

இலங்கையில் அவருக்கு எதிராக மேடையேறினார் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். கிட்டப்பாவுக்கு ஈடு கொடுக்க இந்தப் பெண்ணால் முடியுமா என்ற ஐயம் பலருக்கு இருந்தது. கொழும்பு மேடையில் அது தீர்ந்தது. பொதுவாக ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் பாடினால் ஒருவருக்கு இடர்ப்பாடு. இவர்களுக்கு அது இல்லை. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேலனும் வள்ளியும் செய்யும் தர்க்கம் முன்பே எழுதி முடித்த பாடம் அன்று. ஒருவர் மடக்க, மற்றவர் அந்த இடத்திலேயே விடையளிக்க வேண்டும். இருவரும் மணந்தனர். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். பிறகு வந்த பிரிவைப் பற்றிப் பலரும் விரிவாக எழுதிவிட்டார்கள். நான் கடந்து போகிறேன்.

உடல் தாங்கவில்லை. இரவுதோறும் அந்தச் சுருதி, ஓயாத பயணம், மதுப்பழக்கம். 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அன்று வெள்ளை உடுத்தியவர், 1980இல் இறக்கும்வரை மாற்றவில்லை. தமிழில் பேசும்படம் 1931இலேயே வந்துவிட்டது. ஆயினும் கிட்டப்பா எந்தப் படத்திலும் இல்லை. அவருடைய நடையும் முகக்குறிப்பும் நமக்குக் கிடைக்கவே இல்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் தட்டுகளே எஞ்சின. அவருக்குப் பின் எம். கே. தியாகராஜ பாகவதரும் டி. ஆர். மகாலிங்கமும் அந்த உச்சக் குரலைத் திரைக்குக் கொண்டு சென்றனர்.

அந்தத் தட்டுகள் இந்தக் கோலசிலாங்கூர்ப் பகுதிக்கும் வந்தன. 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அமைந்தது இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில். பனை நட்ட தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழில்! இப்படிப்பட்ட தோட்டங்களில் திருவிழா இரவுகளில் பால்மரம் சீவியவர்களே முடிசூடி ராஜபார்ட் ஆனார்கள்.

அவர்களுள் ஒருவரை என் ஆய்வுக்காக எண்பதுகளில் சந்தித்தேன். பல் விழுந்தவர். உறவுப்பெயர்களும் தொழிற்சொற்களும் சேகரிக்கவே நாடாப் பதிவியோடு போயிருந்தேன். இரண்டு மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். பிறகு, "தம்பி, அரிச்சந்திரன் வேஷத்துலே ஒரு விருத்தம் பாடட்டுமா?" என்றார். நாடா வீணாகுமே என்று பதிவியை நிறுத்தினேன். அவர் பாடினார், நான் தலையாட்டினேன். இகரத்தையும் எகரத்தையும் உச்சத்தில் எப்படிப் பிரித்தார் என்று இன்று நினைவில்லை. நாடாவில் இருப்பது அந்தக் கேள்வியும், தொண்டையைச் செருமும் ஓசையும் மட்டுமே. என் ஆய்வேட்டில் அவர் சொன்ன சொற்கள் அகரவரிசையில் இருக்கின்றன.

மாணவர்களே, உங்கள் கையில் இருக்கும் கைப்பேசிக்கு நாடா தீராது. உங்கள் தாத்தாவோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ தோட்டத்து நாடகத்தில் வேடமிட்டவரா என்று கேளுங்கள். எந்த வேடம், யார் ஆர்மோனியம், எத்தனை கட்டை என்று கேளுங்கள். பாட முன்வந்தால் முதலில் பாட்டைப் பதியுங்கள். சொற்களை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். பதிந்ததை உங்கள் தமிழாசிரியரிடம் கொடுங்கள்; அவர் வழியாக எனக்கு வந்தால், கேட்டு எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.