வழிவிடுவதும் வழிகாட்டலே



இளையோர் தலைமை பற்றிய விவாதங்களில் இளையோரின் கடமைகள் நீளமாகப் பட்டியலிடப்படுகின்றன. பெரியவர்களின் கடமை என்ன என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது.

1938 டிசம்பர் 28 அன்று வடமலபாரின் கல்யாசேரியில் தேசிய பாலசங்கம் தோன்றியது. அதன் தலைவர் ஈ.கே. நாயனாருக்கு வயது 19. செயலாளர் குஞ்ஞனந்தன் நாயருக்கு வயது 12. பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் செயலாளர் பொறுப்பை ஒப்படைக்க அன்றைய இயக்கம் தயங்கவில்லை. அதே சிறுவன் 1943இல் பம்பாயில் நடந்த முதலாவது கட்சிக் காங்கிரசின் மிக இளைய பிரதிநிதியானான். நாயனார் தலைமையிலான அரசு 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. 2020 டிசம்பரில் 21 வயதில் திருவனந்தபுரம் மேயரான ஆர்யா ராஜேந்திரனும் பாலசங்கத்தில் வளர்ந்தவரே.

இம்மரபுக்கு நேர்மாறான வழக்கமும் உண்டு. பெரியவர் எழுதிய உரையைச் சிறுமி வாசிப்பாள். பெரியவர் எடுத்த முடிவுக்குச் சிறுவர் கை தட்டுவர். ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப் வெளியீடொன்றில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்தார். இத்தகைய அலங்காரத்தைப் பங்கேற்பாகவே அவர் கருதவில்லை. உச்சிப்படியில் பெரியவர் இல்லாமற் போவதில்லை என்பதும் கருதத்தக்கது. அங்கே குழந்தைகள் தொடங்குகின்றனர். முடிவைப் பெரியவரோடு பகிர்ந்துகொள்கின்றனர்.

வடகரப்பதி போன்ற எல்லைப்புற ஊராட்சியில் இக்கடமை மேலும் கூர்மையாகிறது. சித்தூர் வட்டத்தின் இம்மழைநிழற் பகுதியில் குடிநீர்த் தட்டுப்பாடு நெடுநாளையது. தண்ணீருக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அதைப் பற்றிச் சொல்வதற்கும் உண்டு. அப்பிள்ளை தமிழில் சிந்திக்கிறது. ஊராட்சியின் கோப்போ மலையாளத்தில் நகர்கிறது. இவ்விடைவெளியில் நிற்கும் பெரியவர் பிள்ளையின் சொல்லை மாற்றாது கொண்டு சேர்க்கலாம். தம் சொல்லை அதன் இடத்தில் வைத்தும் விடலாம். முன்னது துணை, பின்னது பறிப்பு. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் ஏற்றுள்ளது. அதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும், அவர்களே மனு எழுதும்வரை பொறுத்திருப்பதும் பெரியவரின் வேலை.

ஒதுங்கி நிற்பது என்பது கைவிடுவது அன்று. பாதுகாப்பு, பயணச்செலவு, பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீட்டாரிடம் பேசுதல் ஆகியவை பெரியவரின் பொறுப்பே. கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலும் தீர்மான ஏடும் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும். அவர்கள் தவறினால் திருத்திக்கொள்ள அடுத்த கூட்டம் இருக்கிறது. பேசவே வாய்ப்பளிக்கப்படாத பிள்ளையிடம், வளர்ந்தபின் தலைமையை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.