நம் நேரத்துக்கு நாமே எல்லை சொல்வோம்

(திருத்தணியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்த ஊர் மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த 365 நாளில் ஒரு நாளாவது, "இந்த மணிக்கு மேல் என் நேரம் என்னுடையது" என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே எத்தனை பேர்?

விடியுமுன் எழுந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இருக்கிறீர்கள். வேலை முடிந்து வீடு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தால் போன் அடிக்கிறது. "ஆள் குறைகிறது, ராத்திரி ஷிப்டுக்கு வா" என்கிறார் சூப்பர்வைசர். கரும்பு வெட்டப் போகிறவர்களைக் கேளுங்கள். ஆறு மணிக்கு வரச் சொல்கிறார் மேஸ்திரி. லாரி வருவதோ பத்து மணிக்கு. வெட்டிய டன்னுக்குத்தான் கூலி. விசைத்தறி ஓட்டுகிறவர் பாவு வரும் வரும் என்று கொட்டகையில் காத்துக் கிடக்கிறார். நெய்த துணிக்குத்தான் கூலி. காத்திருந்த நேரம் யார் கணக்கில் போயிற்று? முதலாளியின் லாபக் கணக்கில் போயிற்று!

பழைய தந்திரம்

இது புதிய தந்திரம் அல்ல. இங்கிலாந்தில் 1847ல் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. ஆலை முதலாளிகள் என்ன செய்தார்கள்? காலை ஐந்தரை முதல் இரவு எட்டரை வரையுள்ள பதினைந்து மணிக்குள், அந்தப் பத்து மணி வேலையைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். கொஞ்ச நேரம் வேலை, கொஞ்ச நேரம் சும்மா, மறுபடி வேலை! செய்த வேலை பத்து மணி. கட்டுண்டு கிடந்தது பதினைந்து மணி. மார்க்ஸ் 1867ல் வெளியிட்ட 'மூலதன'த்தில் இந்த மோசடியை விரிவாக அம்பலப்படுத்தினார்.

1850ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. வேலை பத்தரை மணியாக ஏறியது, அது நஷ்டம்தான். ஆனால் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, குளிர்காலத்தில் ஏழு முதல் ஏழு வரை என்று நேரம் நிர்ணயமாயிற்று. எது விற்ற நேரம், எது சொந்த நேரம் என்பது தொழிலாளிக்குத் தெரிந்தது. அந்தத் தெளிவே ஒரு வெற்றி.

நம் சென்னைக்கு வாருங்கள். 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, அரை மணிச் சாப்பாட்டு நேரம். போராடி நாற்பது நிமிஷமாக்கினார்கள். பத்து நிமிஷம்தானே என்று நினைக்காதீர்கள். மணியடிப்பது முதலாளியின் உரிமை மட்டுமல்ல என்பதை அந்தப் பத்து நிமிஷம் நிலைநாட்டியது.

அதன் பின் வாரத்துக்கு 60 மணி என்றது 1922ஆம் வருஷச் சட்டம். 54 என்றது 1934. 48 என்றது 1948. வேலை நேரத்தை எழுதி ஆலையில் ஒட்டவேண்டும், மிகை நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தரவேண்டும் என்றும் 1948ஆம் வருஷச் சட்டம் விதித்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி வேலைக்கு வழிசெய்யும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. சங்கங்கள் எல்லாம் எதிர்த்து எழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டது.

2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் எட்டு மணி நேரம், அறிவிப்பு, இரட்டைச் சம்பளம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்த எட்டு மணியை ஒரு நாளில் எவ்வளவு நீட்டிப் பரப்பலாம் என்பதை அரசாங்க அறிவிப்புக்கு விட்டுவிட்டார்கள். இங்கிலாந்து முதலாளிகளின் பதினைந்து மணியை மறந்துவிடாதீர்கள்!

தனி ஆள் பேச முடியுமா?

"நான் நேரம் பேசினால் நாளைக்கு வேறு ஆளைக் கூப்பிடுவான்" என்று சொல்வீர்கள். உண்மை. தனி ஆள் பேசினால் அப்படித்தான் நடக்கும். ஆகவே கோஷ்டி முழுவதும் சேர்ந்து, வேலை தொடங்குமுன் பேசவேண்டும். எத்தனை மணிக்கு வருவோம், எத்தனை மணிக்குப் போவோம், லாரி வராவிட்டால் காத்திருப்புக் கூலி எவ்வளவு? மூன்றையும் முன்கூட்டிச் சொல்லுங்கள். சொன்ன மணிக்கு நாமும் தவறாமல் வருவோம். அந்த நேரம் முழுவதும் ஒழுங்காக வேலை செய்வோம். நம் பக்கம் ஒழுங்கு இருந்தால் நம் கோரிக்கைக்குப் பலம் கூடும். நேரத்துக்குத் தூங்கி எழுந்தவன் கை மெஷினில் சிக்காது. இது நிர்வாகத்துக்கும் தெரியும்.

நம் சங்கத்திலும்

இனி நம் வீட்டுக் குறை. சங்க ஆபீசுக்கு எப்போது போனால் காரியதரிசி இருப்பார் என்று அங்கத்தினருக்குத் தெரிவதில்லை. அரை நாள் கூலியை விட்டு வந்தவர் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறார். காரியதரிசியின் கதையோ வேறு. மனு எழுத உட்கார்ந்தால் நாலு பேர் வருகிறார்கள், பாதி மனு மேஜையிலேயே கிடக்கிறது, கெடு தப்பிவிடுகிறது. முதலாளியை நேரம் கேட்கிற நாம், நமக்குள் நேரம் வைத்துக்கொள்ள வேண்டாமா?

ஆகவே நான் முன்வைக்கும் யோசனை இது. மாலை ஆறு முதல் எட்டு வரை குறை கேட்கும் நேரம் என்று கதவில் எழுதி ஒட்டுவோம். அந்த நேரத்தில் யாராவது ஒரு தோழர் கட்டாயம் இருக்கவேண்டும். மனு எழுதவும் லேபர் ஆபீசுக்குப் போகவும் காலை நேரம். விபத்து, கைது, வேலை நீக்கம் என்றால் மட்டும் எந்த நேரமும் கதவைத் தட்டலாம். அதற்கு எல்லை கிடையாது.

தோழர்களே! எல்லை சொல்லாத நிலத்தை அடுத்த காட்டுக்காரன் உழுதுகொள்வான். எல்லை சொல்லாத நேரமும் அப்படித்தான். இன்றிரவே உங்கள் உங்கள் கோஷ்டியில் உட்கார்ந்து பேசுங்கள். நாளைக் காலை வேலை தொடங்குமுன் எல்லோரும் ஒரே குரலில் சொல்லுங்கள்!

விற்ற நேரத்துக்கு முழுக் கூலி! மீதி நேரம் நமக்கே!