துணி போர்த்திய மாதிரி விமானத்துக்கு எந்தப் பெயிண்ட்?

(ஏற்காட்டில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிக்கலாகப் பேசு, ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடு" என்று சங்கச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நம் கல்லூரி மாதிரி விமானக் குழுத் தம்பிகள் என்னிடம் கேட்ட ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "அண்ணா, பட்டுத்துணி போர்த்தி விமானம் செஞ்சிருக்கோம். ஏற்காட்டுலதான் முதல்ல பறக்க விடப்போறோம். எந்தப் பெயிண்ட் அடிச்சா பளபளன்னு இருக்கும்?"

பளபளப்பைக் கடைசியில் பார்க்கலாம். துணி விமானத்தில் பெயிண்ட் கட்டமைப்பின் ஒரு பகுதி. பெங்களூர் எச்.ஏ.எல். தயாரித்து 1958-இல் முதலில் பறந்த புஷ்பக் விமானமும் துணி போர்த்தியதுதான். நம் நாட்டுப் பயிற்சிக் கழகங்களில் எத்தனையோ பேர் அதில்தான் பறக்கக் கற்றார்கள். அந்தத் துணியை இழுத்துப் பிடித்து, காற்றுப் புகாமல் அடைத்து, விறைப்பாக்குவது டோப் என்ற பூச்சு. (டோப் என்றதும் சிரிக்காதீர்கள், இது வேற டோப்!)

ஆகவே முதல் கேள்வி: துணி என்ன? பட்டு என்றால் டோப் அதைச் சுருக்கி முரசுத்தோல் போல இறுக்கும். பாலியஸ்டர் துணி என்றால் டோப்புக்குச் சுருங்காது. இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் சுருக்கிவிட்டு, இழை இடுக்குகளை அடைக்க மட்டும் டோப் பூச வேண்டும். டோப்பில் இரண்டு வகை உண்டு. நைட்ரேட் டோப் துணியில் நன்றாக ஒட்டும். பியூட்டிரேட் டோப் எரிபொருளைத் தாங்கும். அதனால் அடியில் நைட்ரேட், மேலே பியூட்டிரேட் என்பது பழைய முறை. காய்ந்த டோப் வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போய் மெல்லிய இறக்கையை முறுக்கிவிடும், வெடிப்பும் விடும். அதைத் தடுக்க அந்தக் காலத்தில் சில சொட்டு விளக்கெண்ணெய் கலந்தார்கள். ஆமணக்கு விளையும் சேலம் ஜில்லாக்காரர்களுக்கு இது பெருமைதானே!

இரண்டாவது கேள்வி: எஞ்சின் என்ன? குளோ எஞ்சின் என்றால் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த புகை உடம்பெல்லாம் படியும். கார் பட்டறையில் கிடைக்கும் என்.சி. பெயிண்ட் அதில் இளகிவிடும். தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக்கும் தாங்காது. அதற்கு மேல் பியூட்டிரேட்டோ, இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு. பெயிண்டோ வேண்டும். பி.யு.வில் துணி வளைவதற்கேற்ற நெகிழ்வுச் சேர்மானம் போடாவிட்டால் வெடிக்கும். உங்கள் விமானம் பேட்டரியில் ஓடுவது என்றால் இந்தத் தலைவலியே இல்லை. டோப்புக்கு மேல் மெல்லிய அக்ரிலிக் பூச்சு போதும்.

மூன்றாவது கேள்வி: எங்கே அடிக்கப் போகிறீர்கள்? ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து உட்காரும். டோப்பில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும். ஈரக்காற்று அதன்மேல் பனியாகப் படியும். செல்லுலோஸ் திரிந்து, பூச்சு பால் ஊற்றியது போல வெளுக்கும். வேறொரு கல்லூரிக் குழு போட்டிக்கு முதல் நாள் இரவு இதே மலையில் டோப் அடித்தது. காலையில் பார்த்தால் சிவப்பு இறக்கை முழுக்க வெள்ளைத் திட்டு. பையன்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழகு மட்டும் போகவில்லை. திட்டு விழுந்த இடத்தில் பூச்சின் பலமும் குறைந்திருக்கும். ஆகவே வறண்ட நாளில் கீழே சேலத்திலேயே அடித்து, நன்றாகக் காயவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வாருங்கள். வெளுத்துவிட்டால் பதறாதீர்கள். வெயில் நாளில் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை லேசாக ஸ்ப்ரே செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நான்காவது, எடை. ஏற்காட்டுக் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே விமானம் இங்கே ஐந்து சதவீதம் வேகமாக ஓடினால்தான் மேலே எழும். ஒரு கோட் காய்ந்தபின் சதுர மீட்டருக்கு 15 கிராம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 சதுர மீட்டருக்கு ஐந்து கோட் அடித்தால் 150 கிராம்! வால்பக்கம் இன்னும் கவனம் தேவை. எடை மையத்திலிருந்து வால் 75 செ.மீ., மூக்கு 25 செ.மீ. என்றால், வாலில் ஏறிய 10 கிராமைச் சமன்செய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் கட்ட வேண்டும். வாலுக்கு எவ்வளவு குறைவாக அடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஐந்தாவதுதான் நிறம். முழு அளவு விமானங்களில் வெயிலின் புற ஊதாக் கதிர் துணியை மக்க வைக்காமல் இருக்க, அலுமினியத் தூள் கலந்த வெள்ளி டோப் பூசுவார்கள். இந்தச் சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போய் அலுமினியமானது என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன். ஆனால் வருடத்தில் பத்து நாள் பறக்கும் மாதிரிக்கு வெள்ளி வேண்டாம். மூடுபனியில் வெள்ளியும் வெள்ளையும் கண்ணுக்குத் தெரியாது. பச்சை அடித்தால் காப்பித் தோட்டத்தில் விழுந்த விமானத்தை அந்தி வரை தேட வேண்டும். மேலே ஆரஞ்சு, அடியில் கறுப்புப் பட்டை என்று வையுங்கள். விமானம் நிமிர்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரியும்.

இதையெல்லாம் நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். பால்சாக் குச்சியில் உள்ளங்கை அளவு சட்டம் நாலைந்து செய்து, அதே துணியை ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயிண்ட் அடியுங்கள். முன்னும் பின்னும் எடை போடுங்கள். எரிபொருளில் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். வளைத்துப் பாருங்கள். முடிவை நோட்டில் எழுதி அடுத்த பேட்ச் தம்பி தங்கைகளுக்குக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நைட்ரேட் டோப் துப்பாக்கிப் பஞ்சுக்குச் சொந்தக்காரன். ஒரு தீப்பொறி போதும். பி.யு. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுத்து, ஆயுள் முழுக்க ஆஸ்துமா தரக்கூடியது. முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. ஹாஸ்டல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் அடிக்காதீர்கள். பி.யு. தேவைப்பட்டால், சரியான முகமூடியும் காற்றோட்டமும் உள்ள கார் பட்டறைப் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள். விமானம் உடைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம். நுரையீரலுக்கு ஸ்பேர் கிடையாது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.