பெயர்ப்பலகை மாறினால் போதுமா?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"சார், எம்.பி.ஏ.வில் புதுசு புதுசா படிப்பு வருதே, எதில் சேரலாம்?" இப்போது மாணவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக வணிகப் பள்ளி மாறி வந்த கதையே இதற்கு ஓரளவு பதில் சொல்லும்.

அந்தப் பள்ளி 1908-ல் தொடங்கியது. 1920-களில் அதன் டீனாக இருந்த வாலஸ் டோனம் சட்டம் படித்தவர். சட்டக் கல்லூரியில் வழக்குகளை வைத்துப் பாடம் நடத்துவது போல, கம்பெனிகளின் உண்மையான பிரச்சினைகளை வைத்துப் பாடம் நடத்தும் 'கேஸ்' முறையை அங்கே நிலைநாட்டினார். சுமார் 90 பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் திடீரென்று ஒருவரைப் பார்த்து, "நீங்க அந்த இடத்தில இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்பார். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. 1961-ல் ஹார்வர்டின் ஒத்துழைப்போடு அகமதாபாத் ஐ.ஐ.எம். தொடங்கியபோது இந்த முறை அங்கேயும் வேரூன்றியது.

இதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. வசதியுள்ளவர் கட்டும் பணத்தைக் கொண்டு ஏழைகளுக்கும் எப்படி வைத்தியம் பார்க்கிறார்கள் என்பதை, ஹார்வர்டு பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் 1993-ல் கேஸாக எழுதினார். நம்ம மதுரை அங்கே பாடமாயிற்று!

ஆனால் கேஸ் முறை மட்டும் போதவில்லை. 2001-ல் என்ரான் கம்பெனி கணக்கு மோசடியில் கவிழ்ந்தது. அதன் தலைமை அதிகாரியாக இருந்து 2006-ல் தண்டனை பெற்ற ஜெஃப்ரி ஸ்கில்லிங், ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்தவர். கெட்டிக்காரத்தனத்தைக் கற்றுக் கொடுத்தோமே, பொறுப்பைக் கற்றுக் கொடுத்தோமா என்ற கேள்வி எழுந்தது. 2004-ல் தலைமைப் பண்பும் நிறுவனப் பொறுப்பும் பற்றிய பாடம் கட்டாயமாயிற்று.

2008-ல் உலக நிதி நெருக்கடி வந்தது. மீண்டும் அதே கேள்வி. 2010-ல் அந்தப் பள்ளியின் ஸ்ரீகாந்த் தாதார் மற்ற இருவரோடு சேர்ந்து எழுதிய நூல், 'அறிவது மட்டும் போதாது. செய்யத் தெரிய வேண்டும். தான் யார் என்பதும் தெரிய வேண்டும்' என்ற கருத்தை முன்வைத்தது. அப்போது டீனாக இருந்த நிதின் நோரியா காலத்தில், 2011-ல் 'ஃபீல்டு' என்ற பாடம் வந்தது. முதலாண்டு மாணவர்கள் சிறு சிறு குழுக்களாக வெளிநாடுகளுக்குப் போய், அங்குள்ள கம்பெனிகளுக்காக வேலை செய்தார்கள். 2021-ல் தாதாரே டீன் ஆனார்.

இணையவழிப் படிப்பு 2014-ல் வந்தது. பொறியியலோடு சேர்ந்த இரட்டைப் பட்டம் 2018-ல் வந்தது. இவையும் நல்லவைதான். ஆனால் ஒரு பள்ளியை உண்மையில் மாற்றுவது புதிய பெயர் அல்ல. மாணவனிடம் அது எதைக் கேட்கிறது என்பதுதான்.

ஆகவே தம்பி தங்கைகளே, ஒரு படிப்பில் சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வகுப்பில் என்னைப் பேச விடுவார்களா? வெளியே அனுப்பி வேலை செய்ய வைப்பார்களா? தப்பு எது, சரி எது என்று வாதாட இடம் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், விளம்பரத்தில் எவ்வளவு பெரிய பெயர் போட்டிருந்தாலும் யோசியுங்கள். அப்பா அம்மா கடன் வாங்கிக் கட்டும் பணம் அது.

பழைய மாணவ நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம்மில் கடை வைத்திருப்போர் உண்டு, மில் நடத்துவோர் உண்டு, வங்கியில் இருப்போர் உண்டு. ஆளுக்கு இரண்டு மாணவரை விடுமுறையில் ஒரு மாதம் கூட வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். லாபம் வந்த கதையை மட்டுமல்ல, நஷ்டம் வந்த கதையையும் சொல்லுங்கள். ஹார்வர்டு பெரும் செலவு செய்து தேடிப் போனதை, நம் பிள்ளைகளுக்கு நம்மால் பஸ் கட்டணத்திலேயே கொடுக்க முடியும்.