அவர் எதில் சம்பாதித்தார்?

(கண்டி, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த சங்கக் கூட்டத்தில் பேசியது)



கொழுந்து நிறுத்து, வீட்டில் ஆக்கிப்போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சுருக்கமாகவே பேசுகிறோம்.

போன மாதம் ஓர் அக்கா எங்களைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். 50 வயதாகி வேலையை விட்டவர். சேமலாப நிதிக் காசு வரப்போகிறது. மகன் கண்டி டவுனில் காசு கட்டி ஒரு வகுப்புக்குப் போயிருக்கிறான். மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர், "நானும் லயத்தில் பிறந்தவன்தான். காசை வங்கியில் தூங்கவிடாதீர்கள், என் திட்டத்தில் போடுங்கள்" என்றாராம்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "நம்ம லயத்துப் புள்ள பொய் சொல்லுமா, டீச்சர்?"

நாங்களும் லயத்துப் பிள்ளைகள்தான். அதற்காக எங்களிடம் காசைக் கொடுத்துவிடுவீர்களா?

சக்விதி ரணசிங்கவை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எங்களைப் போல வாத்தியார். ஆங்கிலம் படிப்பித்து நாடு முழுக்கப் பேரெடுத்தவர். அந்தப் பேரை நம்பி, கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு, சனம் அவரிடம் வைப்புப் போட்டது. மத்திய வங்கி உரிமம் அவருக்கு இல்லை. 2008 இல் ஆளையே காணவில்லை. 2011 இல்தான் பிடிபட்டார். இங்கிலீஷ் நன்றாகவே படிப்பித்திருப்பார். வைப்புக் காசுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வெளிநாட்டிலும் இதே கதைதான். 'ரிச் டாட் புவர் டாட்' எழுதிய ரொபர்ட் கியோசாகியின் கம்பனி ஒன்று 2012 இல் வங்குரோத்து மனுப் போட்டது. அவருக்குக் கருத்தரங்கு நடத்திக் கொடுத்த நிறுவனத்துக்கு ஏறத்தாழ 24 மில்லியன் டொலர் கட்டச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மேடையில் எவ்வளவு காசு புரண்டிருந்தால் இவ்வளவு கடன் வரும்? அதனால் கேளுங்கள்: இவர் சம்பாதித்தது சொல்லித்தரும் வழியிலா, நாம் கட்டும் வகுப்புக் காசிலா?

"ஐந்து பேரைச் சேர்" என்றால் கரும்பலகைக் கணக்குப் போடுங்கள். 5, 25, 125, 625, 3,125. ஆறாம் சுற்றுக்கு 15,625 பேர் வேண்டும். நம் தோட்டத்தில் அத்தனை பேர் எங்கே? 1988 ஆம் ஆண்டு வங்கித்தொழில் சட்டத்தின்படி இப்படிப்பட்ட திட்டத்தைத் தொடங்குவதும் பரப்புவதும் குற்றம். மச்சானைச் சேர்த்துவிடும் நாமும் மாட்டலாம்.

சிக்கனமும் போதிக்கிறார்கள். தேத்தண்ணிக் காசை மிச்சம் பிடி என்று கொழுந்து பறிப்பவரிடம் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்! சீட்டுப் போட்டு, தோட்டை அடகு வைத்துப் பிள்ளையை ஏ.எல். படிப்பித்தவருக்கா சிக்கனம் தெரியாது? 2024 இல் 1,350 ரூபாய் ஆக்கவே எத்தனை போராட்டம் நடத்தினோம்! மனதை மாற்றினால் காசு வரும் என்றால் துரைமாரின் மனதை மாற்றச் சொல்லுங்கள்.

சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, தோட்டம் 12 வீதம் போட்டுச் சேர்ந்தது சேமலாப நிதி. உரிமம் பெற்ற வங்கியில் போட்டால், வங்கியே விழுந்தாலும் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு.

அக்கா இன்னும் முடிவு சொல்லவில்லை. மகன் எங்களைக் கண்டால் பாதை மாறிப் போகிறான். ஞாயிறு காலை பள்ளிக்கூடத்தில் இருப்போம். யாராவது கையெழுத்துக் கேட்டால், அந்தத் தாளை முதலில் அங்கே கொண்டுவாருங்கள். அவனையும் கூட்டிவாருங்கள்.