திமிங்கிலத்தின் வாய்க்குள் நுழைந்தால்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டி, மொனொங்ககேலா ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது கென்னிவுட் பூங்கா. ஞாயிற்றுக்கிழமையும் டிராம் வண்டி நிரம்ப வேண்டுமே என்று ஒரு டிராம் கம்பெனி 1898இல் அதைத் தொடங்கியது. எதிர்க்கரையில் எட்கர் தாம்சன் எஃகு ஆலை. இக்கரையில், பூங்காவுக்குள், ஒரு மரக்கப்பல் தள்ளாடிக்கொண்டிருக்கிறது. பைபிள் கதையில் பெருவெள்ளத்தில் மிதந்த கப்பலின் பெயர்தான் இதற்கும்: நோவாவின் பேழை.

இது சவாரி அல்ல. நடந்தே கடக்க வேண்டிய வேடிக்கை வீடு. பேழை முழுவதையும் மோட்டார் ஆட்டுகிறது. உள்ளே இருட்டு, வளைந்து செல்லும் வழி, காலடியில் நழுவும் தரை. நாமே நடந்து, நாமே தடுமாறி, நாமே சிரிக்க வேண்டும்!

பிறர் தடுமாறுவதைப் பார்ப்பதிலும் காசு உண்டு என்று கண்டுகொண்டவர் நியூயார்க் கோனி தீவின் ஜார்ஜ் டில்யூ. 1897இல் அவர் திறந்த ஸ்டீபிள்சேஸ் பூங்காவில், மரக்குதிரைச் சவாரி முடித்தவர்கள் ஒரு மேடை வழியாகத்தான் வெளியேற முடியும். கீழிருந்து சீறும் காற்று பெண்களின் பாவாடையைத் தூக்கும், கோமாளி துரத்துவான். இன்று அது ரசிக்கத்தக்க வேடிக்கை அல்ல. ஆனால் அன்று அவமானப்பட்டவரே அடுத்த நிமிடம் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து, அடுத்து வருபவரைப் பார்த்துச் சிரித்தார். 1907இல் பூங்கா எரிந்தபோது, சாம்பலைப் பார்க்கவும் 10 சென்ட் வசூலித்தார் டில்யூ. மனிதர் லேசுப்பட்டவரா?

ஆடும் பேழை பிறந்தது 1919இல், கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையில். இங்கிலாந்தின் பிளாக்பூலுக்கு 1922இல் போனது. கென்னிவுட்டுக்கு வந்தது 1936இல். பிட்ஸ்பர்க்கில் ஆறு 46 அடி வரை உயர்ந்து ஊரையே மூழ்கடித்த அதே ஆண்டு!

விழுந்தால் வழக்கு, ஏறிக்கொண்டே போகும் காப்பீட்டுச் செலவு, மூலைக்கு மூலை காவல். இவற்றால் நடைவழி வேடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அமெரிக்காவில் இன்றும் ஆடும் பழைய பேழை கென்னிவுட்டில் மட்டும்தான்.

அதன் வாசலில் 1969இல் ஒரு திமிங்கிலத்தின் திறந்த வாயை வைத்தார்கள். பைபிளில் திமிங்கிலக் கதை யோனாவுடையது, நோவாவுக்கு அதில் வேலையில்லை. குழந்தைகள் அதைக் கேட்கவா போகிறார்கள்? 1990களில் எடுத்துவிட்ட அந்த வாய் 2016இல் திரும்பி வந்தது. அங்கே போகும் நேயர்கள் பக்கத்தில் வருபவரின் கையைப் பிடித்துக்கொண்டே நுழையுங்கள். கால் வைத்ததும் அதன் நாக்கு மெத்தென்று அமுங்கும்.